உன்னைப் பிழையென்று பதிவு செய்ததற்கு

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இந்த உறையை ஒட்டப் போகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி போய் இப்போது தோள்வலி வந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், டிவி ரிமோட்டை எடுக்க எழும் கை காய்கறிப் பையைத் தூக்க மட்டும் வரமாட்டேன் என்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, பிளம்பர் மூன்று முறை வந்தும் நிறுத்த முடியாததை அப்பா ஒரு ரப்பர் வளையத்தில் நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு மேலாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். பொது இடத்தில் எழுதியதால்தானே கோபம், இது உறைக்குள் வருகிறது, உன்னைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்கள் நூலகத்தில் புத்தகம் கொடுப்பது, வாங்குவது, நாள் தாண்டினால் நினைவூட்டுவது எல்லாம் நீ எழுதிய புரோகிராமில்தான் ஓடுகிறது என்று நான் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பேன் என்பது உனக்கே தெரியும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தியும் அனுப்பலாம், அதுதான் ஓப்பன் சோர்ஸ் என்று நீ விளக்கியபோது, என் மகனுக்கு ஊரெல்லாம் துணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாகப் பேசியபோது உன் தொண்டை கம்மியிருந்தது, மூன்று நாளாகக் காய்ச்சல் என்றாய், அந்தக் காய்ச்சலோடு உட்கார்ந்து ஏதோ ஒரு நூலகத்தில் லேபிள் அச்சாகவில்லை என்று சரிசெய்து கொடுத்ததாகவும் சொன்னாய். வேறு யாரும் செய்யக் கூடாதா என்று கேட்டதற்கு, "வேற யாரும்மா இருக்கா" என்றாய். மறுநாள் வேலையில் தேடல் பெட்டி மக்கர் செய்தது, உங்கள் பக்கத்தில் குறையைப் பதியலாம் என்று படிவத்தைத் திறந்தேன். பிழை என்ன என்று முதல் கேள்வி. கை தானாக எழுதிவிட்டது. பிழை: இதைப் பராமரிக்கும் என் மகன் காய்ச்சலிலும் படுப்பதில்லை. எப்போது ஏற்படுகிறது: யாராவது ஏதாவது கேட்கும்போதெல்லாம். நீங்கள் எதிர்பார்த்தது: கேட்கிறவர்களில் நாலு பேராவது கை கொடுப்பார்கள். நடந்தது: அவன் ஒருவன்தான். எந்தப் பதிப்பு: முப்பத்து நான்கு வயது. படம் இருந்தால் இணைக்கவும் என்றும் இருந்தது, நல்லவேளையாக உன் பள்ளிக்கூடப் படம் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

பத்து நிமிடத்தில் "இது பிழை அல்ல" என்று எழுதி நீ அதை மூடிவிட்டாய். அதற்குள் பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டார்கள். பதினாறு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள், ஏதோ பெரிய ஆபீஸ் இருக்கிறது, சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம், நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டு. உனக்கு மானம் போய்விட்டது என்று அப்பாவிடம் சொன்னாயாம். தப்புதான், உன்னைக் கேட்காமல் உன் காய்ச்சலை ஊருக்குச் சொன்னது என் தப்பு, மன்னித்துவிடு. அப்பாகூட மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாவது நாள் குழாய் சரியானதைச் சொல்ல ஆள் வேண்டியிருந்ததால் பேசினார்.

ஆனால் பதினேழாவதாக ஒரு பெண் அங்கே எழுதாமல் எனக்குத் தனியாக எழுதினாள், அதைச் சொல்லத்தான் இவ்வளவும். வேறொரு நூலகத்தில் கவுன்டரில் உட்காருகிறவள். எட்டு மாதம் தானே படித்து, ஒரே வீட்டில் நாலு பேர் புத்தகம் எடுத்திருந்தால் நாலு நினைவூட்டல் போகாமல் ஒன்றாகப் போவதற்கு நாற்பது வரி எழுதி உனக்கு அனுப்பினாளாம். நீயும் நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டாய். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று மறுநாள் காலையில் திறந்தால் அவள் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை, நீ அதையே உன் முறையில் பதினோரு வரியாக மாற்றி எழுதியிருந்தாய். அவள் உன்னைத் திட்டவில்லை. "அவர் எழுதினதுதான் நல்லா இருக்குங்க, ஆனா அப்புறம் நான் எதுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தாள். பிறகு அவள் வரவில்லை. நான் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் பார்த்தேன், இந்த ஒரு வருடத்தில் பத்தொன்பது பேர் ஏதாவது எழுதி அனுப்பியிருக்கிறார்கள், இரண்டாம் முறை வந்தவர்கள் இரண்டே பேர். புதிதாக வருகிறவர்களுக்கு நீ எழுதி வைத்திருக்கும் குறிப்பையும் படித்தேன். "கீழ்க்கண்ட பதினேழு விதிகளைப் படிக்காமல் எதையும் அனுப்பாதீர்கள்" என்று ஆரம்பிக்கிறது. நாய் ஜாக்கிரதைப் பலகையே தேவலை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பதினாறு பேரையும் ஒரே நாளில் உள்ளே விட்டால் நீ இன்னும் திணறுவாய், மூன்று பேரோடு ஆரம்பி. எது சரியில்லை என்று சொல், திருத்துவதை அவர்களையே செய்யவிடு, ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். ஓடுகிற நாற்பது வரி நாற்பதாகவே இருக்கட்டும். புதுப் பதிப்பை வெளியிடும் சாவி உன் ஒருவனிடம்தான் இருக்கிறதாமே, நாளைக்கு உனக்கு உடம்பு முடியாமல் போனால் இத்தனை நூலகமும் என்ன செய்யும், இன்னொருவர் கையிலும் அதைக் கொடு.

இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் கிடையாது என்பதும் தெரியும். உனக்கு எட்டு வயது இருக்கும், நான் வேலை முடிந்து வருவதற்குள் கொடியில் காய்ந்த துணியெல்லாம் எடுத்து மடித்து அடுக்கி வைத்திருப்பாய், சட்டைக் கையெல்லாம் வெளியே தொங்கும். உன்னை வாயாரப் புகழ்வேன், நீ விளையாடப் போனதும் அத்தனையையும் உதறி என் கணக்குக்கு மடித்து வைப்பேன். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் நீ கதவருகில் நின்றுகொண்டிருந்தாய். அப்படியே திரும்பிப் போய்விட்டாய். அதற்கப்புறம் நீ மடிக்கவே இல்லை, என் சின்னவன் ஒரு துண்டைக்கூட மடிக்க மாட்டான் என்று இருபத்தாறு வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, ரொம்ப நேரம் அழுதேன்.

நீ நல்ல உடம்போடு, நாலு பேர் சூழ, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. வெந்நீர் குடி, வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ, அங்கே குளிர் என்று செய்தியில் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளை மறுபடியும் கூப்பிடு. எனக்கு அப்புறம் எழுதினால் போதும், நான் அம்மா, எங்கேயும் போய்விட மாட்டேன், அவள் போய்விடுவாள்.

இப்படிக்கு,
நீ மடித்ததைக் கலைத்த
அம்மா