முற்றத்திலிருந்து கத்தியது யார்

லண்டன்
ஞாயிறு மாலை

அன்புள்ள ஹாரியட்,

"நான் இங்கேயே தங்கிடட்டுமாம்மா, உனக்குப் பரவாயில்லையா?" என்று போன வாரம் கேட்டாயே, அதையேதான் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நானும் அப்பாவும் சுகம், நியூசிலாந்துக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலைக்கு நீ கையெழுத்துப் போடவேண்டியது புதன்கிழமை என்பது மறக்கவில்லை. போனில் அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நாம் பேசிவிடுகிறோம், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

இன்று ஆற்றங்கரை வட்ட நாடக அரங்குக்குப் போனோம், நீ போன பிறகு முதல் தடவை. தேம்ஸில் நீர் இறங்கியிருந்தது, சேற்றில் யாரோ குனிந்து ஓட்டுத் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், நடைபாலத்தில் சர்க்கரைக் கடலை வறுக்கும் வாசனை. அந்தக் கட்டடத்தைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை, நாணல் கூரைக்குள் தீயணைப்புக் குழாயை ஒளித்துவைத்துவிட்டு நானூறு வருஷப் பழமை என்றால் எப்படி நம்புவது. ஆனால் கூரையில்லாத முற்றத்தில் உன் வயதுப் பெண்கள் மேடை விளிம்பில் முழங்கை ஊன்றி நிற்பதைப் பார்த்ததும் இந்த விமர்சனமெல்லாம் நின்றுவிட்டது. நீ அங்கே இடம் பிடிக்க மதியச் சாப்பாட்டையே விட்டுவிடுவாய். தூறல் ஆரம்பித்ததும் நான் பழக்கதோஷத்தில் குடையை விரித்துவிட்டேன், உடனே காவலுக்கு நின்ற அம்மாள், "மடக்குங்கம்மா, பின்னால நிக்கிறவங்க உங்க முதுகுலயா நாடகம் பாக்குறது?" என்று அதட்டினாள். அப்பா மெல்லத் தரையில் உட்காரப் பார்த்து அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். "நான் எங்கம்மா உக்காந்தேன், முட்டி தானா மடங்குது" என்றார் அவளிடம். என்னிடம், "காசு குடுத்து நின்னுக்கிட்டே நனையணும்னு எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான்?"

நாடகம் யாரும் அதிகம் போடாத ஒன்று. ஒரு ராஜாவுக்கு, கடலில் தொலைந்துபோன தன் மகன் ஏதோ தீவில் மீனவர்களோடு சந்தோஷமாக இருக்கிறான் என்று சேதி வருகிறது. அங்கே மேடைக்கும் நமக்கும் ஒரே பகல் வெளிச்சம்தானே, நடிகர்கள் நம் கண்ணைப் பார்த்தே பேசுகிறார்கள். ராஜா மேடை ஓரத்துக்கு வந்து, "மந்திரி விட்டுடுங்கன்னு சொல்றாரு, நீங்க சொல்லுங்க, மகனைத் திரும்பக் கூப்பிடட்டுமா?" என்று முற்றத்தைப் பார்த்துக் கேட்டார். "விடுங்க ராஜா, அவனாவது நல்லா இருக்கட்டும்!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அப்போது "கூப்பிடு!" என்று ஒரு குரல் வந்தது. ஹாரியட், அது என்னுடையது. இத்தனை வருஷம் பாடம் எடுத்த வகுப்பில்கூட நான் குரலை உயர்த்தியதில்லை. ராஜா என் எதிரே குந்தி உட்கார்ந்து, "மெதுவாம்மா, கடல் தாண்டிக் கேட்டுடப் போகுது" என்றார். முற்றமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை, தன் மழைச்சட்டையைக் கழற்றி என் தலைமேல் போட்டார். திரும்பும்போது பாலத்தில் நின்று, "நீ கத்தினதை அவகிட்ட சொல்லிடாத, கிளம்பி வந்துடுவா" என்றார்.

அவர் சொல்வது சரிதான், நீ அப்படிப்பட்டவள்தான். போன தடவை எனக்குக் காய்ச்சல் என்றதற்கே விமான டிக்கெட் விலை பார்த்தாய். ஆனால் ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும், நீ அங்கே தங்கவேண்டும் என்று நான் நினைப்பதும் பொய் இல்லை, உன் குரலில் இப்போது இருக்கும் தெளிவு இங்கே இருந்தவரை இருந்ததில்லை. இரண்டும் எனக்குள் இருக்கின்றன, எது பெரியது என்று அளக்கத் தெரியவில்லை.

இரவு வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. தடித்த கையுறை ஒன்று வாங்கிக்கொள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு, உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும்.

உன் அம்மா,
ரூத்

திங்கள்: காலையில் நீ அழைத்தாய். "கையெழுத்துப் போடு" என்றேன். "நிஜமாவாம்மா?" என்றாய். நிஜமாகத்தான் என்றேன். நீ அழுதாயா சிரித்தாயா என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது புதன்கிழமை போயிருக்கும், நீ கையெழுத்தும் போட்டிருப்பாய். அதனால்தான் மேலே எழுதியதில் ஒரு வரியையும் அடிக்காமல் அனுப்புகிறேன்.