ஆறு மீட்டர்

செப்டம்பர் 17, 2024

இல்லை, மந்திகளுக்குப் பெயர் வைக்கவில்லை. எண்கள்தான். பெண் 1 முதல் பெண் 6 வரை, ஓர் ஆண், ஒரு குட்டி. பெயர் வைத்தால் பாசம் வரும், பாசம் வந்தால் பதிவு கெடும் என்று முதல் வருடமே சொல்லித் தந்துவிட்டார்கள். எண் வைத்தாலும் வருகிறது. அதை யாரும் சொல்லவில்லை.

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மூடுபனி. சோலைக்குள் கருப்பாக ஏதோ அசைந்தது. மந்தியா, கிளையா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும். ‘தெரியவில்லை’ என்று பன்னிரண்டு முறை எழுதினேன்.

செப்டம்பர் 18

தெரியவில்லை.

செப்டம்பர் 24

பெண் 4 இன்று என்னிடமிருந்து ஆறு மீட்டரில். கீழ்க்கிளையில் குட்டியோடு உட்கார்ந்து என்னைப் பார்த்தது. பிறகு பார்க்கவில்லை. அதுதான் வேண்டியிருந்தது.

மன்னவனூரைத் தாண்டி இந்த ஊருக்கு நான் வந்த புதிதில், இந்தக் கருமந்திகள் எண்பது மீட்டரிலேயே கத்திக்கொண்டு ஓடிவிடும். பதினாறு மாதம், தினமும் அதே சாம்பல் நிற மழைக்கோட்டு. ஒரே மாதிரி மூன்று வாங்கி வைத்தேன், ஒன்று கிழிந்தாலும் ஆள் மாறிவிட்டதாக அவற்றுக்குத் தோன்றக் கூடாது என்று. எதுவும் கொடுக்காமல், எதுவும் செய்யாமல், சும்மா இருந்து இருந்தே பயத்தைத் தேய்ப்பது.

தேய்ந்துவிட்டது. ஆனால் அதற்கே பதினாறு மாதம். மார்ச்சில் ஃபெல்லோஷிப் முடிகிறது. தாய் அல்லாத பெண்கள் குட்டியை எப்படித் தூக்கி வளர்க்கின்றன என்பது என் ஆய்வு. இருப்பது ஒரே குட்டி, நான்கு மாத வயது. இனிமேல்தான் எல்லாம்.

அக்டோபர் 3

காளியாயி அக்காவின் வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறேன். சோலையை ஒட்டி அவர்களுக்குப் பட்டாணி, கேரட் தோட்டம். இன்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நாலு பேர் முன்னால் ஆரம்பித்தார்.

“ஏத்தா, ஒன் புள்ளைகளுக்கு வீட்ல சோறு போட மாட்டியா? வெள்ளனே வந்து எம் பட்டாணியில பந்தி போட்டுருதுக.”

எல்லாரும் சிரித்தார்கள். ஊரில் எனக்கு ‘மந்தி டீச்சர்’ என்று பெயர். கருமந்தி தோட்டத்தில் இறங்குவது அபூர்வம், நாட்டுக்குரங்காக இருக்கும் என்றேன். கருப்புக்கும் செம்பட்டைக்கும் தனக்கு வித்தியாசம் தெரியாதா என்று கேட்டார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

படித்த திமிர். வேறென்ன.

அக்டோபர் 9

அவர் சொன்னது சரி.

தோட்டத்து நடுவில் வைக்கோல் பொம்மை. அதன் மேல் என் கோட்டு. கை கிழிந்துபோன முதல் கோட்டு. ஜூனில் நான்தான் அக்காவிடம் கொடுத்தேன். பொம்மையிலிருந்து ஒரு முழத்தில் பெண் 4, குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தது. ஆண் மந்தி பொம்மையின் தோளிலேயே சாய்ந்திருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ. எதுவும் எழுதவில்லை.

மழைக்குப் போட்டுக்கொள்ளத்தானே கொடுத்தேன் என்று அக்காவிடம் கத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “மழைக்கு எனக்குத் தலையில கவுத்துக்கிற சாக்குக் கொங்காணி போதும். ஆளு மாதிரி இருக்கட்டும்னு பொம்மைக்கு மாட்டுனேன். ஆளு மாதிரி இல்லாம ஒன்ன மாதிரில்ல ஆயிப்போச்சு.”

கோட்டைக் கழற்றி எடுத்து வந்தேன். பொம்மைக்கு அக்கா ஒரு சிவப்பு பனியன் மாட்டினார்.

அக்டோபர் 14

சிவப்பு பனியன் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கின்றன.

நிறத்துக்கு மட்டும் பழகியிருக்கும் என்று நினைத்தது நான்தான். அவை மனிதர்களுக்கே பழகிவிட்டன.

அக்டோபர் 21

பெண் 4 செத்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து வெள்ளனே இரண்டு நாய்களோடு வந்திருக்கிறார். எப்போதும் வரும் வழி, எப்போதும் வரும் நாய்கள். வரப்பில் பெண் 4. அவர் பத்தடிக்குள் வரும்வரை அசையவில்லையாம். குட்டி அதன் முதுகுப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டதாம். நாய் பாயும்வரை தாய் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது என்றார். பார்த்துவிட்டு, பிறகு பார்க்காமல் —

எனக்குத் தெரியும் அந்தப் பார்வை.

நாச்சிமுத்து பீடியை எடுத்து, மறுபடி கட்டுக்குள்ளேயே செருகினார். “ஓடும்னு நெனச்சேம்மா. எப்பவும் ஓடுமே. ஏன் ஓடல?” என்னைத்தான் கேட்டார். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

குட்டியைப் பெண் 2 தூக்கிக்கொண்டு சோலைக்குள் போய்விட்டது. பெண் 2-க்குப் பால் கிடையாது. வனத்துறையிலிருந்து வந்தார்கள், எழுதிக்கொண்டு உடலை எடுத்துப் போனார்கள். நாய்க்கடி என்று எழுதினார்கள். உண்மைதான்.

அக்டோபர் 23

மன்னவனூர் சாலை வளைவில் மட்டும்தான் சிக்னல். என் ஆய்வை மேற்பார்க்கும் கைடுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருந்தேன்: கோட்டு, பொம்மை, நாய். பதில் வந்திருக்கிறது. வருத்தம் ஒரு வரி. பிறகு, தாயில்லாத குட்டியை இன்னொரு பெண் ஏற்பது மிக அரிய பதிவு, ஒரு நாள்கூட விடாதே.

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கேவலம், படித்ததும் எனக்கும் முதலில் அதே ஆசைதான் வந்தது. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் கண்முன் தெரிந்தது.

அக்டோபர் 25

குட்டி உயிரோடு. இலையை மென்று பார்க்கிறது. பெண் 2 அதை இறக்கி விடுவதில்லை.

அவை மறுபடி தோட்டத்துக்கு வந்தன. நாச்சிமுத்து நாய்களைக் கட்டிப்போட்டிருக்கிறார். எத்தனை நாள் கட்டுவார்? ஊரில் மற்ற நாய்கள்?

என்ன செய்யலாம் என்று மத்தியானம் வேல்ராஜிடம் கேட்டேன். காட்டில் எனக்கு வழிகாட்டியாகப் இத்தனை மாதமும் கூட வந்தவர். அவர் சுற்றி வளைத்துப் பேசினார். காளியாயி அக்கா வளைக்கவில்லை.

“அதுகளுக்கு மனுசின்னா நீதான். ஒன்னையப் பாத்து ஓடுனாத்தான் எங்களையும் பாத்து ஓடும். நாங்க வெரட்டுனா ஒத்த நாளைக்குத்தான்.”

“என் படிப்பே போயிரும்க்கா.”

“போகும்.” அடுப்படிக்கு எழுந்தபடி, “சாப்புட்டியா?”

அக்டோபர் 27

இரண்டு மாதம் பதிவெடுத்துவிட்டு, பிறகு விரட்டினால்? நியாயமாகத்தான் படுகிறது. இரண்டு மாதத்தில் ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

போகலாம்.

அக்டோபர் 31

தீபாவளி. ஊர் முழுக்க வெடி. மந்திகள் சோலையை விட்டு இறங்கவே இல்லை. வேல்ராஜ் சோலையைப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

நவம்பர் 2

இறங்கிவிட்டன. குட்டி, பெண் 2-இன் மடியில், வரப்பில். தூரத்தில் எங்கோ ஒரு நாய் குரைத்தது. ஒன்றுகூடத் தலை திருப்பவில்லை.

நவம்பர் 4

கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கோட்டைப் போட்டால்தான் அர்த்தம். ஊரில் மிஞ்சிய வெடிகளும் ஒரு தகர டின்னும். வேல்ராஜ் கொளுத்தினார். முதல் வெடிக்கு எல்லாம் மரத்துக்குத் தாவின. பிறகு கிளையிலிருந்து குனிந்து பார்த்து, நான்தான் என்று தெரிந்ததும், திரும்ப இறங்க ஆரம்பித்தன.

அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். முடியாது. இறங்க ஆரம்பித்தன.

டின்னைத் தட்டிக்கொண்டு அவற்றை நோக்கி ஓடினேன். இத்தனை மாதத்தில் அவற்றின் முன்னால் ஒருமுறைகூட ஓடியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. கத்தவும் வரவில்லை. ‘போ, போ’ என்று ஏதோ.

“கெட்ட வார்த்த ஒண்ணு ரெண்டு தெரியாதா மேடம்?” வேல்ராஜ் கேட்டார். “நம்ம நாச்சிமுத்துகிட்ட கேட்டா சும்மா குடுப்பாரு.”

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, அடுத்த வெடியைப் பற்றவைத்தார். பெண் 2 குட்டியை இடுக்கிக்கொண்டு கடைசியாகப் போனது. போகும்போது நின்று திரும்பிப் பார்த்தது. அதன் மேலும் கத்தினேன்.

நவம்பர் 5

பன்னிரண்டு மீட்டர். மறுபடி வெடி.

நவம்பர் 7

முப்பது. தொண்டை கட்டிவிட்டது. அக்கா மிளகுத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

நவம்பர் 10

காலையில் சோலை ஓரம் போனேன், கையில் ஒன்றுமில்லாமல், சும்மா. ஆண் மந்தி கத்தியது. எச்சரிக்கைக் குரல். முன்பெல்லாம் சிறுத்தையைக் கண்டு அது அப்படிக் கத்தியதை நான் பதிவு செய்திருக்கிறேன்.

நவம்பர் 14

இன்று எழுபது மீட்டருக்கும் மேல். நாச்சிமுத்துவின் நாய்கள் நேற்றிலிருந்து அவிழ்ந்து திரிகின்றன. தோட்டத்தில் மந்தி இல்லை. இலைகள் விலகின, கருப்பாக நாலைந்து உருவம், அவ்வளவுதான். தொலைநோக்கியில் பெண் 2 என்று நினைக்கிறேன். வயிற்றில் குட்டி இருந்ததா, இல்லையா — அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை. இனியும் முடியாது.

வளைவு வரை நடந்து போய்க் கைடுக்கு எழுதினேன். கூட்டம் என்னை இனி அருகில் விடாது, அப்படிச் செய்தது நான்தான், மூன்றாம் இயல் இல்லை என்று. காரணத்தை ஒரே பத்தியில் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அழித்துவிட்டு, அனுப்பினேன்.

திரும்பி வந்து, காளியாயி அக்காவோடு ஓடையில் கேரட் கழுவினேன். சந்தைக்குப் போகும் லாரி நாலு மணிக்கு.