நீலக் கதவைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
நீலக் கதவு வீட்டில் திரைச்சீலை தைப்பவள்.
(பெயரும் முகவரியும் ஒட்டிய உறைக்குள் தனித்தாளில் உள்ளன. வெளியே எழுதாததற்கான காரணம் மனுவைப் படித்தால் விளங்கும்.)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
இணையக் குற்றத் தடுப்புப் பிரிவு.

பொருள்: என் வீட்டு வாசலையும் முகத்தையும் காட்டிக் காது கேட்கும் கருவி விற்கும் போலிக் கடையின் பக்கத்தை நீக்கவும், என்னை எதிராளிப் பட்டியலிலிருந்து எடுத்து ஏமாந்தவர்கள் பட்டியலில் சேர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் கொடுத்த மூன்று மனுக்களும், அவற்றுக்கு வராத பதில்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தன் வீட்டு முன்கதவைத் திறக்க அஞ்சும் ஒருத்தியின் வணக்கம்.

1. நான் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு, திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துப் பிழைப்பவள். என் கணவர் அச்சகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இயந்திரம் ஓட்டியவர். அந்த இரைச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. எங்கள் வீட்டில் சண்டை என்றால் நான் ஒருத்திதான் போட வேண்டும்.

2. ஆறு மாதங்களுக்கு முன் கைப்பேசியில் ஒரு விளம்பரம் பார்த்தேன். காது கேட்கும் கருவி பாதி விலை, பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்றிருந்தது. வாங்கினேன். வந்த பொருள் காதில் வைத்ததும் விசிலடித்தது. வேறு எந்தச் சத்தத்தையும் கேட்க விடவில்லை. என் கணவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, "காது மெஷின்னு சொல்லி நல்லா காது குத்திட்டாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. பெட்டியில் தொலைபேசி எண் இல்லை. கடையின் பெயரை இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தேன். அது யாருடைய எண் என்று யோசிக்காதது என் முதல் தவறு. எடுத்தவர் அத்தனை பணிவாகப் பேசினார். பணத்தைத் திருப்பித் தர இரண்டு சான்றுகள் வேண்டும் என்றார். ஒன்று, பெட்டியை வாசற்படியில் வைத்து, கதவும் கதவிலக்கமும் தெரியும்படி ஒரு படம். மற்றது, பணம் முழுவதும் திரும்பக் கிடைத்துவிட்டது, திருப்தி என்று நான் முகம் தெரியப் பேசும் காணொளி.

4. வராத பணத்தை வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று நான் கேட்கத்தான் செய்தேன். "அக்கா, சம்பளம் வாங்கும்போது முதல்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தானே கவரைக் கையில வாங்குவாங்க? இதுவும் அப்படித்தான்" என்றார். ஐயா, என் கணவர் இருபத்தாறு ஆண்டுகளும் அப்படித்தான் சம்பளம் வாங்கினார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. தலை வாரி, நல்ல உடை உடுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று பேசினேன். முதல் முறை திக்கியதால் இன்னொரு முறையும் எடுத்தேன். "பணம் முழுசா வந்துடுச்சு, இவங்களை நம்பி வாங்கலாம்" என்று சொன்னது என் வாய்தான். அனுப்பிய பிறகு பணமும் வரவில்லை, அந்த எண்ணை யாரும் எடுக்கவும் இல்லை.

5. பத்தொன்பதாம் நாள் ஒரு தச்சர் என் கதவைத் தட்டினார். எனக்கு வந்ததைப் போன்ற பெட்டியே அவர் கையிலும் இருந்தது. தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் அந்தக் கடையின் பக்கம் தெரிந்தது. "எங்கள் தலைமை அலுவலகம்" என்ற தலைப்பின் கீழ் என் நீலக் கதவும் முகவரியும் இருந்தன. அதற்கும் கீழே, தலை வாரி நல்ல உடை உடுத்திய நான் பேசிக்கொண்டிருந்தேன். படத்திலுள்ள கதவைத் திறந்துகொண்டு காணொளியிலுள்ள பெண்ணே வந்து நின்றால், பாவம், அவர்தான் வேறு என்ன நினைப்பார்?

6. அன்று முதல் இன்று வரை முப்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் காது மந்தமானவர்கள் என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். அவர்களிடம் தணிந்த குரலில் எதையும் விளக்க முடியாது. "நான் கடைக்காரி இல்லைங்க! நான் யாரையும் ஏமாத்தலைங்க!" என்று தெருமுனை வரை கேட்கக் கத்துகிறேன். வாரம் இரண்டு முறை ஒருத்தி இப்படிக் கத்தினால் தெரு என்ன முடிவுக்கு வருமோ, அந்த முடிவுக்கு எங்கள் தெரு வந்துவிட்டது. எதிரில் இஸ்திரி போடுபவர் இப்போது என்னிடம் மட்டும் கூலியை முன்னதாகவே வாங்கிக்கொள்கிறார்.

7. வந்தவர்களில் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் கத்தவே இல்லை. மறுவாரம் அவருடைய உரிமத்துக்கு மருத்துவப் பரிசோதனை. அதற்காகத்தான் கருவி வாங்கியிருக்கிறார். நான் நடந்ததைத் தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "நான் சண்டை போட வரலைம்மா. வேற எங்க போறதுன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிப் படியிலேயே உட்கார்ந்தார். மதியம்வரை உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டியவர்களை நான் மறந்துவிடுவேன். இவரை மறக்க முடியவில்லை.

8. "இது கடை அல்ல. நானும் ஏமாந்தவள். பணம் கட்டிய வங்கிக்கு உடனே சொல்லுங்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். அதைப் படித்த ஒரு அம்மா, "ஏமாத்தறவங்கதான் இப்படி போர்டு வைப்பாங்க" என்று கிழித்துப் போட்டார். இப்போது ஜன்னலுக்கு இரட்டைத் துணியில் திரை தைத்து மாட்டியிருக்கிறேன். காலடிச் சத்தம் கேட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மூச்சை அடக்கி உட்கார்கிறேன். நூல் வாங்கப் பின்கதவு வழியாகப் போகிறேன். கதவு தட்டப்படுவது என் கணவருக்குக் கேட்பதில்லை. இருவருக்கும் சேர்த்து நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

9. முறைப்படி எல்லா இடத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். அந்தப் பக்கத்தை நீக்கும்படி அதை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினேன். காவல் துறை கேட்டால்தான் நீக்குவார்களாம். காவல் நிலையத்தில் கேட்டேன்; புகார் பதிவானால்தான் நிறுவனத்துக்கு எழுதுவார்களாம். புகாரைப் பதியுங்கள் என்றேன். அங்கிருந்த எழுத்தர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, "உங்க மேலயே பதினோரு புகார் இருக்கும்மா. எதிராளியே எப்படிப் புகார் கொடுக்க முடியும்?" என்றார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். வரும் இருபதாம் தேதி நான் விசாரணைக்கு வர வேண்டும் என்று கடிதம் மட்டும் தவறாமல் வந்திருக்கிறது.

10. சென்ற வாரம், தங்கள் பிரிவின் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்தார். என் பெயரையும் முகவரியையும் கதவின் நிறத்தையும் சரியாகச் சொன்னார். என் மேலுள்ள எல்லாப் புகாரிலிருந்தும் என்னை விடுவிப்பதாகவும், நான் இழந்த பணமும் உடனே திரும்புவதாகவும், கைப்பேசியில் வரும் கோரிக்கைக்கு ரகசிய எண்ணைப் போட்டால் போதும் என்றும் சொன்னார். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ஐயா: எனக்கு அழுகை வந்தது. யாரோ ஒருவராவது நம்பினாரே என்று மூன்று எண்களை அழுத்தியும் விட்டேன். அருகிலிருந்த என் கணவருக்கு அந்த இனிய குரல் கேட்கவில்லை; திரையில் இருந்தது மட்டும்தான் தெரிந்தது. "பணம் வாங்கறதுக்கு எதுக்கு ரகசிய நம்பர் போடற? இதுல பணம் அனுப்புன்னு இல்ல இருக்கு!" என்று கையைத் தட்டிவிட்டார். முதல் தடவையும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்கலாம்.

11. ஆகவே, அந்தப் பக்கத்தை நீக்க ஆவன செய்யுமாறும், நான் பேசிய பொய்யைப் பொய் என்று நானே ஒப்புக்கொள்ளும் இந்த மனுவை என் வாக்குமூலமாக ஏற்குமாறும் வேண்டுகிறேன். வந்த முப்பத்தொரு பேரின் விவரமும், டாக்ஸி ஓட்டுநருடையது முதலாவதாக, இணைப்பில் உள்ளது. இருபதாம் தேதி நான் வருவேன். எதிராளிகளின் பெஞ்சில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். ஆனால் அதற்குள் இன்னும் சிலர் என் கதவைப் பார்த்து நம்பிப் பணம் கட்டிவிடுவார்கள்.

12. கடைசியாக ஒரு சிறு விண்ணப்பம். தங்கள் அலுவலகத்திலிருந்து உண்மையாகவே யாராவது அழைத்தாலும் இனி என்னால் நம்ப முடியாது, மன்னிக்கவும். அந்தப் படத்தில் என் வாசலுக்கு மூன்று படிகள் தெரியும். உண்மையில் நான்கு. அடிப்படியை அந்தப் பெட்டி மறைத்துக்கொண்டிருக்கிறது. அழைப்பவர் முதலில் படிகளின் எண்ணிக்கையைச் சொல்லட்டும். மூன்று என்றால் வைத்துவிடுவேன். நான்கு என்றால், என் மனுவை ஒருவர் கடைசிவரை படித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டு, முன்கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன்.

இடம்: வீட்டுக்குள்
நாள்: ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை

கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
(கையொப்பம்)
திரைச்சீலை தைப்பவள்

இணைப்பு: 1. ஒட்டிய உறை. 2. வந்தவர்களின் பட்டியல். 3. விசிலடிக்கும் கருவி, பெட்டியுடன்.