காலியாக இருந்த கட்டம்

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? முழங்கால் வலி தேவலையா? உங்கள் மருத்துவமனை சோதித்துப் பார்க்கும் மூன்று செயலிகளில் நான் எழுதியதும் ஒன்று. நர்சுகள் சார்பில் அந்தக் குழுவில் நீயும் இருக்கிறாயாமே! நோயாளியின் மரபணுச் சோதனையைப் படித்து, இவருக்கு இந்த மருந்து, இவ்வளவு அளவு என்று சட்டென்று சொல்லிவிடும். மூன்று வருட உழைப்பு, அக்கா. தேறாவிட்டால் எங்கள் அணியையே கலைத்துவிடுவார்கள். கொஞ்சம் பாசத்தோடு பார்.

உன் வாலு

ஜூன் 20

அன்புள்ள வாலு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். நீ என் தம்பி என்று பெரிய டாக்டரிடம் முதல் நாளே சொல்லி, விலகிக்கொள்கிறேன் என்றேன். “நீங்கதான் அவரை இன்னும் கடுமையா பார்ப்பீங்க, இருங்க” என்றார்.

பழைய நோயாளிகள் நாற்பது பேரின் விவரங்களைக் கொடுத்துப் பார்த்தோம். நாற்பதுக்கும் உன்னுடையது சரியாகச் சொன்னது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் எங்கள் வார்டில் மரபணு முடிவு வரப் பத்து நாள் ஆகும், அதுவரை செயலியில் அந்த முடிவுக்கான கட்டம் காலியாகத்தான் இருக்கும். அந்த நாற்பது பேரில் ஓர் அம்மாளின் மரபணு முடிவை நீக்கிவிட்டு மறுபடி கேட்டேன். மற்ற இரண்டும் தெரியாது என்றன. உன்னுடையது ‘இயல்பு’ என்று தானே போட்டுக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை முழு அளவில் கொடுக்கச் சொன்னது. அவர் எங்கள் வார்டில் இருந்தபோது, அந்த அளவு கொடுத்துத்தான் அவருக்கு ரத்தம் கசிந்தது. மூன்று நாள் பக்கத்தில் நின்றவள் நான்.

தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திட்டியாவது எழுது, பேசாமல் இருந்துவிடாதே.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் கோபத்தில்தான் இருந்தேன், மறைக்கவில்லை. உன் சோதனை தப்பு என்று காட்டத்தான் நிரலைத் திறந்தேன். அந்த வரியை எழுதியவன் நானே. காலிக் கட்டம் திரையில் அசிங்கமாக இருக்கிறதென்று ‘இயல்பு’ போட்டு நிரப்பியிருக்கிறேன். வேறு இரண்டு மருத்துவமனைகளில் அது ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அணியைக் கலைத்துவிட்டார்கள். நேற்று வேறோர் இடத்தில் நேர்காணலுக்குப் போனேன். நல்ல செயலி என்கிறீர்கள், பிறகு எப்படித் தோற்றது என்று கேட்டார்கள்.

“எங்க அக்கா சோதிச்சாங்க சார்” என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

உன் தம்பி