மட்கார்டின்மேல் வைத்த கல்

பிப்ரவரி 16, 2025, ஞாயிறு

இன்றைக்கும் என் தையல் மெஷினைவிட அவருடைய சுத்தியல்தான் அதிகம் சத்தம் போட்டது. ஐந்து வருடமாகக் கொட்டகையில் கிடக்கும் பழைய ஃபியட்டுக்கு இடதுபக்க மட்கார்டு செய்கிறார்கள், என் வீட்டுக்காரர் தனபாலும் ஜீப் ஓட்டும் வெள்ளையன் அண்ணனும். பழைய மட்கார்டு துருப்பிடித்து அப்பளமாக நொறுங்கிவிட்டது. வீடியோவில் வெள்ளைக்காரர்கள் ஆளுயரச் சக்கர மெஷினில் தகட்டை விட்டு உருட்டி வளைக்கிறார்கள். அந்த மெஷின் வாங்குகிற காசுக்கு இன்னொரு காரே வாங்கலாம்.

இவர்களிடம் என்ன இருக்கிறது? நடுவில் குழி செதுக்கிய பலாக்கட்டை, அடிக்க ஒரு மரக் கொட்டாப்புளி, சேந்தமங்கலம் பழைய இரும்புக் கடையில் எடுத்த தண்டவாளத் துண்டு. இரண்டு கம்பிகளைச் சேர்த்து வெல்டிங் வைத்த முள்கரண்டி மாதிரி ஒன்று. மணல் மூட்டை மட்டும் என் உபயம். பழைய ஜீன்ஸ் பேண்டை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.

"அம்மிணி, உன்ற தையல் பிரிஞ்சா எங்க பொழப்பே பிரிஞ்சுரும்" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டே டீ வைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

மட்கார்டு முடிந்தது. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள். "கண்ண மூடிட்டுத் தடவிப் பாரு சுகந்தி" என்றார். தடவினேன். எங்கேயும் மேடுபள்ளம் தட்டுப்படவில்லை. குழந்தை பிறந்தவரைப் போல நிற்கிறார் மனுஷன்.

மார்ச் 4, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவர் பெயிண்ட் வாங்க மலையிறங்கிப் போயிருந்தார். மதியம் அண்ணன் ஜீப்பை வாசல்வரை ஏற்றித் திருப்பி, நான்கு மூட்டை மிளகைச் சோளக்காடு சந்தைக்கு ஏற்றிப் போனார். மீதி மிளகு தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றரை மணிக்குத் திடீரென்று காற்று, பின்னாலேயே மழை. இன்னொரு தார்ப்பாயை எடுத்து மூடினேன். அது பறந்தது. கையில் அகப்பட்டதை எல்லாம் ஓரத்தில் வைத்தேன். விறகு, குடம், முறம். பிரைமர் காய்வதற்காகச் சுவரில் சாய்த்திருந்த மட்கார்டையும் எடுத்து வைத்தேன். அதையும் காற்று தூக்கிப் போடப் பார்த்தது. அதன்மேல் ஒரு கருங்கல்லைத் தூக்கிப் போட்டேன்.

தூக்கிப் போட்டேன். வைக்கவில்லை.

மழை விட்டதும் பார்த்தால் நடுவில் குழி. ஓரம் இழுபட்டு நெளிநெளியாக நிற்கிறது. துடைத்து, இருந்த இடத்திலேயே சாய்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? மிளகைக் காப்பாற்றத்தானே செய்தேன், சொல்லியிருந்தால் ஒரு நாள் கத்திவிட்டு விட்டிருப்பார்.

அவர் வந்தார், பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாசலைத் திரும்பிப் பார்த்து, "வெள்ளையன் ஜீப்ப இங்க திருப்புனானா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. அதுதான் கேவலம்.

மார்ச் 5

இன்று சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வரவில்லை. எப்படி வருவார்? நேற்று சோளக்காடு டீக்கடையில் நாலு பேர் முன்னால் இவர் கேட்டிருக்கிறார்: "இடிச்சது தப்பில்லடா. இடிச்சுட்டுச் சொல்லாமப் போனியே, அதத்தான் தாங்க முடியல." அண்ணன் டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாராம்.

அந்த வார்த்தை எனக்கு வரவேண்டியது. இடிச்சுட்டுச் சொல்லாமப் போனவ இங்க உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் வெச்சுட்டு இருக்கா.

மார்ச் 14, வெள்ளி

ஊர்க் கோயிலில் அண்ணன் சத்தியம் செய்தார். யாரும் செய்யச் சொல்லவில்லை. அவராகவே பூசை முடிகிற நேரத்துக்கு வந்து, கற்பூரம் ஏற்றச் சொல்லி, "எஞ்சீப்பு அந்தத் தகரத்து மேல படல சாமி" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கை சிவந்துவிட்டது. நான் பெண்கள் பக்கத்தில், முன்வரிசையில் நின்றேன். அண்ணனின் மனைவி சுப்பம்மாள் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள். பிடித்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். சீ, என்ன ஜென்மம் நான்.

வீட்டுக்கு வந்து இவர் படியேறும்போது, "பொய்ச் சத்தியம் பண்ற ஆளு இல்ல அவன். நாந்தான் அவசரப்பட்டனோ என்னமோ" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தானாகவே சரியாகிவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன். சோறு இறங்கியது, அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

"இனி இதத் தொட மாட்டேன்" என்று மட்கார்டை ஆணியில் மாட்டிவிட்டார். அவர் தோட்டத்துக்குப் போனதும் இறக்கினேன். வாயால் சொல்ல முடியாததைக் கையாலாவது சரிசெய்யலாம் என்று ஒரு நப்பாசை. மணல் மூட்டைமேல் கவிழ்த்துப் போட்டு, உள்பக்கமிருந்து கொட்டாப்புளியால் மெதுவாக அடித்தேன். குழி கொஞ்சம் எழும்பியது.

மார்ச் 21, வெள்ளி

குழி எடுபட்டது. ஓரம்தான் அடங்க மாட்டேன் என்கிறது. அடிக்க அடிக்க இன்னும் நீளுகிறது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் உறைத்தது. இது ஜாக்கெட்டுக்குக் கை வைக்கிற வேலை அல்லவா? தோள்பட்டையில் துணி மிஞ்சினால் என்ன செய்வேன், சின்னச் சின்னதாகச் சுருக்கு வைப்பேன். அந்த முள்கரண்டிக் கம்பியில் ஓரத்தைக் கவ்வி முறுக்கினால் தகடும் கொசுவமாக எழும்புகிறது. தண்டவாளத் துண்டில் வைத்து நுனியிலிருந்து உள்ளே தட்டினால் கொசுவம் தன்னுள்ளேயே அமுங்கி, ஓரம் சுருங்குகிறது.

ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் மறந்து சந்தோஷமாக இருந்தேன். கல்லைப் போட்டதைக்கூட மறந்தேன். ஞாபகம் வந்ததும் இன்னும் வெட்கமாகப் போய்விட்டது.

மார்ச் 26, புதன்

மட்கார்டை யாரோ தட்டியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். கையால் தடவினார், அடித்த தடங்களை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் தோட்டத்துக்குப் போறப்ப வெள்ளையன் வந்துட்டுப் போறானா?"

"நான் பாக்கலீங்க."

"இந்த மலையில இந்தச் சுத்தியலப் பிடிக்கத் தெரிஞ்சவன் ரெண்டே பேரு. நான் தொடல." ஆணியில் மாட்டினார். "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது. ஆனாலும் சாமி முன்னால பொய் சொல்லிட்டானே சுகந்தி. எப்படி அவனுக்கு மனசு வந்துது?"

நான் போட்ட ஒவ்வொரு அடியும் அண்ணன்மேல் விழுந்திருக்கிறது.

மார்ச் 27

நாளைக்கு. மதியம். அவர் சாப்பிட வரும்போது.

மார்ச் 28, வெள்ளி

கொட்டகையில் தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் வந்து வாசலில் நின்றார். நிறுத்தவில்லை. ஒரு கொசுவம் எடுத்து, முறுக்கி, அமுக்கி முடித்தேன்.

"இதுவும் நாந்தானுங்க. அன்னிக்கு மழையில இதும்மேல கல்லப் போட்டதும் நாந்தானுங்க."

கத்துவார் என்று நினைத்தேன். சுத்தியலையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"அவன் கற்பூரம் அணைக்கறப்ப நீ எங்க நின்ன?"

"முன்னால."

சாப்பிடாமலே போய்விட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

அண்ணன் நாலு பேர் முன்னால் சத்தியம் செய்தார், நானும் நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று, கோயிலில் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பக்கத்தில் நின்றார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "செரி, போவட்டும்" என்றார். சுப்பம்மாள் அக்காதான் விடவில்லை. "அவரு கைக் கொப்புளம் ஆறிருச்சு. நீ ஒண்ணும் ஆத்தல" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நான் தட்டி முடித்த மட்கார்டைப் பூட்டுகிற நாள். தனியாகப் பூட்ட முடியாது, ஒருவர் பிடிக்க வேண்டும். இவர் நேரில் போய் அழைத்திருந்தார். பத்து மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. அடுப்பை விட்டு ஓடிவந்தேன்.

ரெண்டு பேரும் சேர்ந்து பூட்டினார்கள். அண்ணன் ஓரத்தை விரலால் தடவி, "நல்லா வந்திருக்குது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் நான் நிற்பது அவருக்குத் தெரியும். டீ குடித்தார். சோளக்காட்டுக்குப் போகவேண்டிய மிளகு மூட்டைகள் வாசலில் இருந்தன. ஜீப் கீழே ரோட்டிலேயே நின்றது.

"மூட்டை கனமுங்கண்ணா. ஜீப்ப மேல கொண்டாங்க" என்றேன்.

"இல்ல அம்மிணி, அங்கயே நிக்கட்டும்."

மூன்று மூட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து, அந்த மேட்டில் இறங்கி இறங்கி ஏறினார்.