பதினைந்து கெஜம்

செப்டம்பர் 5, வியாழன்

மகன் காரெட்டின் ஆட்ட உடுப்புகளை இரண்டு முறை துவைத்தும் வியர்வை நாற்றம் போகவில்லை. நாளை வெஸ்ட்ஃபோர்டு பள்ளியோடு ஃபுட்பால், ஹெல்மெட் போட்டு ஆளை மோதி வீழ்த்துகிற ஆட்டம். என் சலூனில் யார் தலையில் கை வைத்தாலும் அதே பேச்சுதான். “உன் பையன் நாளைக்கு யாரைப் படுக்க வைக்கப் போறான், ஜோன்?” என்று கிளெண்டா கேட்டாள், மழை வருமா என்று கேட்கிற குரலில். அவள் கணவர் எங்கள் ஊர் ரசிகர் சங்கத் தலைவர். சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 7, சனி

எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

வெஸ்ட்ஃபோர்டு பையன் உயர வந்த பந்தைப் பிடித்தான். திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை. என் மகன் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்து மோதினான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடித்த அந்தச் சத்தம் — கார் கதவை அறைந்து சாத்துவதுபோல். கூட்டம் மொத்தமும் எழுந்து கூவியது. என் கணவன் டுவேனும்தான். பையன் எழவில்லை. அவனுடைய ஒரு கை மட்டும் விறைத்து மேலே தூக்கியபடி நின்றது, யாரையோ கூப்பிடுவதுபோல. வாத்தியக்குழு அது தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தது.

நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார். பதினைந்து கெஜம் தண்டனை, பந்து எங்கள் பக்கம் அவ்வளவு தூரம் நகரும். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வெளிவாசலைத் தாண்டும் முன்பே பந்தை வைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டார்கள். ஒரு பிள்ளையின் மண்டைக்கு எங்கள் ஊரில் பதினைந்து கெஜம்.

ஜெயித்தோம். காரெட் இரவு சாப்பிடவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

காரெட்டின் ஹெல்மெட்டில் புதிதாக ஒரு மண்டையோட்டு ஸ்டிக்கர். பலமாக அடித்தவனுக்குக் கோச் ரஸ்க் திங்கட்கிழமைதோறும் ஒட்டுவது. எல்லோரையும் கைதட்டச் சொல்லி ஒட்டினாராம். அந்தப் பையன் மருத்துவமனையில் கிடக்கிறான், இவர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்.

“எடுத்துப் போடுடா” என்றேன்.

“எடுத்தா கோச் கேப்பாரு, அம்மா.”

“கேக்கட்டும்.”

“உனக்கு என்ன தெரியும்? அங்க நிக்கறவன் நான்.”

நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வெஸ்ட்ஃபோர்டு போனேன். வீட்டில் சொல்லவில்லை.

பையன் பெயர் மைக்கா ஏக்கர்ஸ். அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரைச்சீலை எல்லாம் மூடி, இருட்டில் படுத்திருக்கிறான். வெளிச்சம் ஆகாது. ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடினான். “அது… சூப்புக்கு… அது” என்றான். தேடித் தேடி அவன் கண் நிறைந்துவிட்டது.

அவன் அம்மா ரோண்டா எனக்குக் காப்பி கொடுத்தாள். நான் யாரென்று சொன்ன பிறகும் கொடுத்தாள். “உன் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல. சொல்லிக் கொடுத்ததைச் செஞ்சான்” என்றாள்.

அதுதானே. அதைத்தானே சொல்கிறேன். சொல்லிக் கொடுத்தவன் எங்கே?

செப்டம்பர் 24, செவ்வாய்

பள்ளிக் குழுவுக்கு மனு கொடுத்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தலையால் மோதினால் அந்த ஆண்டு முழுக்க வெளியே உட்கார வேண்டும். பயிற்சியில் முழு வேக மோதல் கூடாது. சின்னப் பிள்ளைகள் இடுப்பில் செருகிய துணியைப் பறித்து விளையாடட்டும், ஆளை வீழ்த்த வேண்டாம்.

டுவேன் மனுவைப் படித்துவிட்டு மேசையில் போட்டான்.

“மோதாம ஆடணும்னா சதுரங்கம் ஆடச் சொல்லு.”

“நீ ஆடினதுக்கு உனக்கு என்ன கிடைச்சுது? கழுத்தைத் திருப்ப முடியுதா? காரைப் பின்னால எடுக்கறதுக்கு உடம்பையே திருப்பற.”

“என் கழுத்தைப் பத்தி நான் யார்கிட்டயாவது புலம்பினேனா?”

“அதாண்டா வியாதி” என்றேன். வாய் மீறிவிட்டது. இத்தனை வருடத்தில் அவனை நான் ‘டா’ போட்டது இல்லை. அவன் வண்டிக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

காரெட்டுக்குக் கல்லூரி அணி ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அந்த அடியை வீடியோவில் பார்த்தார்களாம். பிடித்துப்போனதாம்.

செப்டம்பர் 30, திங்கள்

கிளெண்டா இனி வேறு சலூனுக்குப் போகிறாளாம். அவளோடு இன்னும் நான்கைந்து தலைகள். போகட்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

தோற்றேன். பள்ளிக் குழுவில் என் மனுவுக்கு எதிராக ஐந்து ஓட்டு, ஆதரவாக இரண்டு.

கோச் ரஸ்க் எழுந்து, “இந்தப் பசங்களை நான் ஆம்பளைங்களா ஆக்கறேன். அம்மாக்களுக்கு அது கஷ்டமாத்தான் இருக்கும்” என்றார். மரியாதையாகச் சொன்னார். சிரிப்பு. நான் எழுந்து, “பேச்சு மறந்துபோற ஆம்பளை எத்தனை பேர் வேணும் உங்களுக்கு?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. அதுவரை சரி.

பிறகு பின் வரிசையிலிருந்து ரோண்டா எழுந்தாள். பக்கத்து ஊரிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்காக வந்தாள் என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான்.

“விதியை மாத்தாதீங்க” என்றாள். “மைக்காவுக்கு இந்த ஆட்டம்னா உயிர். ஒரு நல்ல விளையாட்டுல விழுந்தான்னு இருக்கட்டும். தப்பான விளையாட்டுல விழுந்தான்னு என் பையன்கிட்ட யாரும் சொல்ல வேண்டாம்.”

அதற்குப் பிறகு யாருக்கு அவளை எதிர்த்துக் கை தூக்க மனசு வரும்? அவளுடைய சின்ன மகனும் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறானாம்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவளை மறித்தேன். கத்தியிருக்கிறேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவள் சாவியைத் தேடிக்கொண்டே கேட்டாள்: “உன் பையன் நல்லா இருக்கான். நீ கோபப்படலாம். நான் என்னத்தை வெச்சுக்கிட்டுக் கோபப்பட?”

வீடு வரும்வரை அவள் மேல் கோபமாக இருந்தேன். இப்போதும்தான். அவளை அப்படிப் பேச வைத்தவர்கள் மேல் அதைவிட.

அக்டோபர் 11, வெள்ளி

நான் ஆட்டத்துக்குப் போகவில்லை. அடுப்படியில் ரேடியோ.

“நாற்பத்தி நாலு நேரா வர்றான், மோதப் போறான்…” என்று வர்ணனையாளர் குரலை ஏற்றினார். பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. “நின்னுட்டான். ஏன் நின்னான்னு தெரியல.” எதிரணிக்காரன் அவனைத் தாண்டி ஓடி, எல்லைக் கோட்டைக் கடந்து புள்ளி எடுத்துவிட்டான். நாற்பத்தி நான்கு என் மகனுடைய சட்டை எண். கூட்டம் ஊளையிட்டது ரேடியோவிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. கோச் அவனை வெளியே இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

அக்டோபர் 12, சனி

காலையில் டுவேன், “பயந்துட்டியா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“அம்மா சொன்னாளா?”

“யாரும் சொல்லல. நான் அடிக்கத்தான் போனேன், அப்பா. அந்தக் கை ஞாபகம் வந்துச்சு. கால் தானா நின்னுடுச்சு. நான் நிறுத்தல.” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: “நீ சந்தோஷப்படாத.”

சந்தோஷப்படவில்லை. என் பிள்ளையை ஊரே பார்த்து ஊளையிட்டிருக்கிறது, சந்தோஷமா? போன வாரம் வரை அவன் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்த ஊர். தெருவில் நின்று ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, வாடா வெளியே என்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

காரெட் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான், இனி ஆடுவதில்லையாம். கல்லூரிக்காரர்கள் போனை எடுப்பதில்லை. டுவேன் யாரிடமும் பேசுவதில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

சாயங்காலம் காரெட் அவன் அப்பாவிடம் வெஸ்ட்ஃபோர்டு போக வண்டி கேட்டான். டுவேன் சாவியைக் கொடுக்கவில்லை. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, “ஏறு” என்றான். ஆட்டம் தொடங்கும் நேரம். டுவேன் தவறவிட்ட முதல் உள்ளூர் ஆட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

இருவரும் திரும்பியபோது மைதானத்தில் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். காரெட் மட்டும் உள்ளே வந்தான்.

“மைக்காவுக்கு என்னைத் தெரியலம்மா. யார் இடிச்சதுன்னே தெரியல. நான்தான்னு சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். அப்புறம், ‘நல்ல அடியா?’ன்னு கேட்டான்.”

“நீ?”

“இல்லன்னு சொன்னேன். அப்பாவும் பக்கத்துல இருந்தாரு.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியின் விளக்கு அணைந்திருந்தது. டுவேன் ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்தேன். போய்க் கூப்பிடவில்லை.