அப்பா நிரப்பிய படிவம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் என்றால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் பதறுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதி மெயிலில் அனுப்புகிறேன். நடுவில் எழுந்து போகாமல் படி.

அப்பாவுக்கு இருப்பது முதுகுப் பிடிப்பு இல்லை. புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்பு வரை வந்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டால் மீதி சுலபம் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் இல்லை.

கைரோபிராக்டிக், அதுதான் இந்த முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் வைத்தியம், படிக்கும்போது உன் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டு போவேனே, ஞாபகம் இருக்கிறதா? முடியை மேசையில் வைத்து, மேலே ஒரு தாளைப் போட்டு, அது எங்கே கிடக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இரண்டு தாள், மூன்று தாள். நான் பன்னிரண்டு தாள் வரை போனேன். "படிக்கப் போறியா, இவனை மொட்டையடிக்கப் போறியா?" என்று அப்பா கேட்பார். ஐந்து வருஷம். உடற்கூறு, எக்ஸ்ரே, ஒருவர் முதுகில் ஒருவர் அழுத்திப் பழகியது, கடைசி வருஷம் ஆசிரியர் பக்கத்தில் நிற்க நோயாளிகளைப் பார்த்தது. எல்லாவற்றையும் விட, யாரை அழுத்தக் கூடாது என்பதைத்தான் அடித்து அடித்துச் சொன்னார்கள்.

அதற்குத்தான் கிளினிக்கில் மூன்று பக்கப் படிவம். வருகிறவர் யாராக இருந்தாலும் அதை நிரப்பாமல் என் மேசையில் படுக்க முடியாது. படுத்தாலும் வலிக்கிறதா, எடை குறைந்ததா, சிறுநீர் போவதில் சிரமமா? கூச்சப்படுகிறவர்களையும் விடமாட்டேன்.

அப்பாவைக் கேட்கவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் கிளினிக்கைத் திறந்து அவரைப் படுக்க வைப்பேன். அழுத்தி முடித்ததும், இப்போதுதான் உயிர் வந்தது என்பார். எனக்குத் தலைகால் புரியாது. இப்படிப் பதினான்கு ஞாயிறு.

போன மாதம் ஒரு புதன்கிழமை அவராகவே வந்தார். வரவேற்பில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, படிவத்தை நீட்டிவிட்டாள். இவரும் சமர்த்தாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிரப்பியிருக்கிறார். யார் சொல்லி வந்தீர்கள் என்ற இடத்தில், 'என் மகள்.' அதைப் படித்துச் சிரித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். எடை குறைந்ததா? 'பெல்ட்டில் இரண்டு ஓட்டை.' படுத்தால் வலிக்கிறதா? 'நான்கு மாதமாக உட்கார்ந்தே தூங்குகிறேன்.' சிறுநீர்? 'ஆம்.'

அன்று அவர்மேல் கை வைக்கவில்லை. மறுநாளே ஸ்கேனுக்கு அனுப்பினேன். முடிவு வந்ததும், ஏன் சொல்லவில்லை என்று அவரிடமே சத்தம் போட்டேன். எனக்கு வெட்கமே இல்லை பார்.

"நீ கேக்கவே இல்லையேம்மா. உன் கையிலயே எல்லாம் தெரிஞ்சிடும்னு நெனச்சேன்" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி மருத்துவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஊசியும் கதிர்வீச்சும் கொடுத்துச் சில வருஷம் தள்ளலாம், முன்பே வந்திருந்தால் இன்னும் வழி இருந்திருக்கும் என்றார். ஒரு எலும்பு நொறுங்கும் நிலையில் இருக்கிறதாம், நான் அழுத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. அது என் கைக்குக் கீழேயே உடைந்திருந்தால் அவருக்குக் கால் விளங்காமல் போயிருக்கும். ஒரு வாரமாகக் கிளினிக்கைத் திறக்கவில்லை. அலுப்பாக இருக்கிறதடா.

நீ லீவு போடவா என்று கேட்டபோது, வெறும் பிடிப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னை நிறுத்தியது நான்தான். அக்கா இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அது இன்னும் காதிலேயே நிற்கிறது.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மீறிவிட்டேன். இந்த ஞாயிறும் சாப்பிட்டதும் வீட்டிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். உட்கார வைத்து, முதுகில் சும்மா கையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். போதும், இதுவே நன்றாக இருக்கிறது என்றார். எனக்காகத்தான் சொன்னார்.

கிளம்பி வா. வந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டு, கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஆனால் இனிமேல், அக்கா இருக்கிறாள் என்று மட்டும் இருந்துவிடாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா